ஆதிலா அழித்த வரி

வெள்ளவத்தை
12.01.2022

அன்புள்ள தம்பி ராகுலனுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். நோர்வேயில் இந்த முறை பனி கடுமை என்று செய்தியில் பார்த்தேன். உன் நெஞ்சுச் சளி விட்டுவிட்டதா?

நேற்று நீ இரண்டு தரம் எனக்குப் போன் எடுத்திருந்தாய். நான் எடுக்கவில்லை என்று கோபிக்காதே. பஸ் இரையும் காலி வீதிச் சத்தத்துக்குள், இந்தப் பழைய போனில், நீ சொல்வதில் பாதி விளங்குவதில்லை. இனி எனக்கு எழுது. மின்னஞ்சல்தான் என்றாலும் கடிதம் மாதிரி எழுது. ஆறுதலாக இருந்து வாசிப்பேன்.

ஓர் உதவி வேண்டும். பாடசாலை முழுமையாகத் தொடங்கிவிட்டது. என் பத்தாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பெண்பிள்ளைகள். எல்லோர் முகத்திலும் மாஸ்க். இருபத்திரண்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டேன், இப்படியொரு வகுப்பைக் கண்டதில்லை. கேள்வி கேட்டால் முப்பத்தெட்டுச் சோடிக் கண்கள் என்னைப் பார்க்கின்றன. ஒருத்தியும் பதில் சொல்வதாகத் தெரியவில்லை. இரண்டு வருடம் வீட்டில் அடைந்து கிடந்ததில் பேச்சு மறந்துவிட்டதோ என்னவோ.

நீ வேலை செய்யும் பாடசாலையில் பிள்ளைகள் பல பேர் ஒரே பக்கத்தில், ஒரே நேரத்தில் எழுதுவார்கள் என்று முன்பொரு முறை சொன்னாய். ஒருத்தி எழுதுவது மற்றவளின் திரையில் அப்போதே தெரியுமாம். அதை எப்படிச் செய்வது? பழைய மாணவிகள் தந்த பன்னிரண்டு ரப்லெட் கணினிகள் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொரு படியாக எழுதி அனுப்பு. நான் எழுத்துக்கூட்டி வாசித்துச் செய்துகொள்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
அக்கா மேனுகா


பேர்கன்
16.01.2022

அன்பான அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. சளி போய்விட்டது, பனிதான் போகவில்லை. உங்கள் முழங்கால் நோ எப்படி? மாடிப்படி ஏறி இறங்கும்போது கவனம்.

போனில் உங்கள் குரலைக் கேட்காமல் இருப்பது எனக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனாலும் நீங்கள் சொன்னபடி எழுதுகிறேன்.

நான் இங்கே ஆசிரியன் அல்ல, கணினி பழுதுபார்ப்பவன். வகுப்புகளுக்குள் போய்வரும்போது கண்டதைத்தான் சொல்ல முடியும். செய்முறையைத் தனியாக, படங்களோடு இணைத்திருக்கிறேன். ஒரு குழுவுக்கு ஒரு பக்கம். நாலு பேருக்கு மேல் ஒரு குழுவில் போடாதீர்கள். முதல் கிழமை விளையாட்டாகத்தான் போகும். ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி அழிப்பாள், சண்டை வரும். பயப்படாதீர்கள். பக்கத்தின் மேலே 'ஹிஸ்டரி' என்று ஓர் இடம் இருக்கிறது. யார், எத்தனை மணிக்கு, எதை எழுதினார், எதை அழித்தார் என்பதெல்லாம் அதற்குள் கிடக்கும்.

இங்குள்ள ஓர் ஆசிரியை அடிக்கடி ஒன்று சொல்வார். எழுதி முடித்த பிறகு பிள்ளைகளை எழுந்து நின்று வாயால் சொல்லவும் வைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் வகுப்பு ஊமையாகிவிடும் என்பார். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தம்பி
ராகுலன்


வெள்ளவத்தை
18.02.2022

அன்புள்ள ராகுலன்,

சுகமாயிருக்கிறாயா? இங்கே நான் நல்ல சுகம். பல வருடங்களுக்குப் பிறகு இப்படி மனதார எழுதுகிறேன்.

உன் படங்களைப் பார்த்து நானே எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். மூன்று மூன்று பேராகப் பிரித்தேன். ஒரு குழுவுக்கு ஒரு ரப்லெட். மிச்சமாக நின்ற இரண்டு பேருக்கு என் போனைக் கொடுத்தேன். வீட்டுக்குப் போனபிறகு அவரவர் தாய் தகப்பனின் போனிலும் எழுதலாம். நீ சொன்னது போல முதல் கிழமை கூத்துத்தான். ஒருத்தி பக்கம் முழுக்கப் பூப்படம் போட்டிருந்தாள்.

இப்போது கேள். உருளைக்கிழங்குத் துண்டை உப்புத் தண்ணீரில் போட்டால் ஏன் சுருங்குகிறது என்று கேட்டிருந்தேன். முந்தி என்றால் இரண்டு பேர் கையைத் தூக்குவார்கள், மற்றவர்கள் நான் கரும்பலகையில் எழுதும்வரை காத்திருப்பார்கள். அன்றைக்கு எல்லோரும் எழுதினார்கள். 'உப்பு உள்ளே போகிறது' என்று நிஹ்லா எழுத, 'உப்பு உள்ளே போனால் பாரம் கூடவேண்டுமே, ஏன் குறைந்தது?' என்று நிருஷா கேட்க, ஆதிலா அவர்களுக்கு நடுவில், 'தண்ணீர்தான் வெளியே வருகிறது. எங்கள் உம்மா ஊறுகாய்க்கு எலுமிச்சங்காயில் உப்புப் போட்டு வைப்பா, அடுத்த நாள் போத்தலில் தண்ணீர் நிற்கும்' என்று எழுதினாள். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூன்று பேரும் தாங்களே விடைக்கு வந்துவிட்டார்கள்.

இந்த ஆதிலா கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை. வகுப்பில் வாயே திறக்காதவள். இப்படி யோசிக்கிற பிள்ளை என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இப்போதெல்லாம் வகுப்பில் யார் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு சொல் விடாமல் எனக்குத் தெரிகிறது. இதற்கு முன் எத்தனையைத் தவறவிட்டிருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

மின்வெட்டு தொடங்கிவிட்டது. சார்ஜ் இருக்கும்போதே இதை அனுப்புகிறேன்.

அக்கா


பேர்கன்
27.02.2022

அன்பான அக்கா,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். எலுமிச்சங்காய்ப் பிள்ளையை எனக்கு நன்றாகப் பிடித்துவிட்டது.

மன்னியுங்கள், உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். உங்கள் வகுப்பைப் பற்றி இங்குள்ள ஆசிரியர்களிடம் பெருமையாகச் சொன்னேன். அவர்கள் உங்களோடும் பிள்ளைகளோடும் வீடியோவில் அரை மணித்தியாலம் கதைக்க ஆசைப்படுகிறார்கள். பிள்ளைகளும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரே பக்கத்தில் எழுதலாம், கேள்வி கேட்கலாம். மொழிபெயர்க்க நான் இருக்கிறேன். ஒரு நாள் சொல்லுங்கள்.

இன்னொன்று. சிவபாதசுந்தரம் மாமா போன் எடுத்தார். கோயில் வாசலில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம், நீங்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டீர்களாம். "உன்ர கொக்காவுக்கு என்னோட என்ன கோபம்?" என்று கேட்டார். அப்படி ஒன்றும் இருக்காது, சனநெருக்கத்தில் கவனித்திருக்க மாட்டீர்கள் என்று சொல்லிவைத்தேன். ஒருதரம் அவரோடு கதையுங்கள், பாவம்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்
ராகுலன்


வெள்ளவத்தை
03.04.2022

அன்புள்ள தம்பி,

சுகம். பதில் எழுதப் பிந்திவிட்டது. மின்சாரம் ஒரு நாளில் பாதிக்கு மேல் இல்லை. இங்குள்ள நிலைமையை நீயும் செய்திகளில் பார்ப்பாய்.

வீடியோ இப்போது சரிவராது. வகுப்பு நேரத்தில் கரன்ட் இருக்குமென்று சொல்ல முடியாது. உன் ஆசிரியர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

மாமாவிடம் கோபம் ஒன்றுமில்லை. கண்டால் கதைக்கிறேன்.

பிள்ளைகள் நன்றாக எழுதுகிறார்கள்.

அக்கா


பேர்கன்
21.05.2022

அன்பான அக்கா,

எப்படி இருக்கிறீர்கள்? ஏப்ரலுக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நான் அனுப்பிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. நீங்கள் வேண்டாமென்றதால் போன் எடுக்காமல் இருந்தேன். இந்தக் கிழமை பொறுக்க முடியாமல் ஐந்து தரம் எடுத்துப் பார்த்தேன். ஒரு தரம் எடுத்தீர்கள். "ஹலோ, ஹலோ" என்றீர்கள், நான் கதைத்துக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டீர்கள்.

ஊரடங்கு, எரிப்பு என்று வருகிற செய்திகளைப் பார்த்துப் பயமாக இருக்கிறது. ஒரு வரி போதும். இருக்கிறேன் என்று எழுதுங்கள்.

ராகுலன்


வெள்ளவத்தை
26.05.2022

அன்புள்ள ராகுலன்,

இருக்கிறேன். உன்னைப் பயப்படுத்தியதற்கு வருந்துகிறேன். நீ சுகமாயிரு.

நடந்ததைச் சொல்கிறேன். மே நாலாம் திகதி ஆய்வுகூடத்தில் ஒரு விபத்து. இலையில் மாப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. இலையை மதுசாரத்தில் போட்டுச் சூடாக்க வேண்டும், உனக்கும் ஞாபகம் இருக்கும். மூன்றாவது மேசையில் ஆதிலாவின் குழு. நான் முதலாவது மேசையில், அவர்களுக்கு முதுகு காட்டி நின்றேன். பீக்கர் வைத்திருந்த அவர்களுடைய முக்காலி சரிந்திருக்கிறது. ஆதிலா கையால் பிடித்திருக்கிறாள். கொதித்த தண்ணீரும் மதுசாரமும் அவள் வலது கையில் கொட்டி, தீயும் பிடித்துவிட்டது. நான் திரும்பியபோது நிருஷா தன் பையால் அடித்து அணைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாள். இப்போது வீட்டில்.

பாடசாலை அதிபர் நாகேஸ்வரி மிஸ் விசாரித்தார். குழுவில் உள்ள மூன்று பேரையும் நடந்ததை எழுதித் தரச் சொன்னார். அவர்கள் பொதுப் பக்கத்திலேயே எழுதினார்கள். ஆதிலா ஆஸ்பத்திரியில் இருந்தபடியே தாயின் போனில், இடது கையால் எழுதினாள். தான் என்னைக் கூப்பிடாமல் தானே முக்காலியை நேராக்கப் பார்த்ததாக எழுதியிருக்கிறாள். நானும் பிள்ளை கூப்பிடவில்லை என்று அதிபரிடம் சொன்னேன். ஆசிரியையின் சொல் கேளாமல் மகள் நடந்ததற்கு வருந்துவதாகத் தாய் ஒரு கடிதத்தில் கையெழுத்து வைத்தார். இந்தத் தவணை முழுக்க ஆதிலா ஆய்வுகூடத்துக்குள் வரக்கூடாது என்று முடிவாயிற்று.

அவ்வளவுதான். பொதுப் பரீட்சைக்காகப் பாடசாலை மூடியிருக்கிறது. நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

அக்கா


பேர்கன்
29.05.2022

அன்பான அக்கா,

நீங்கள் பத்திரமாக இருப்பது பெரிய ஆறுதல். அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் மனம் சரியில்லை. இருபத்திரண்டு வருடத்தில் உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் பட்டதில்லை. நீங்கள் என்ன பாடுபட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களில் பிழை இல்லை, அக்கா. முதுகில் கண் இருக்க முடியாது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. எலுமிச்சங்காயைப் பார்த்து அப்படி யோசித்த பிள்ளை, கொதிக்கிற மதுசாரம் சரியும்போது ஆசிரியையைக் கூப்பிட யோசிக்காமலா இருந்திருக்கும்? இங்கே ஒரு வகுப்பில், குழுவாக எழுதிய அறிக்கையில் இரண்டு பேர் சேர்ந்து மூன்றாவது பிள்ளையின் தலையில் பழியைப் போட்டிருந்தார்கள். பக்கத்தின் ஹிஸ்டரியைப் பார்த்துத்தான் பிடித்தோம். நீங்களும் ஒருதரம் பாருங்கள். மற்ற இருவரும் அவளை வற்புறுத்தியிருந்தால் அது அநியாயம்.

பார்த்துவிட்டு எழுதுங்கள்.

தம்பி
ராகுலன்


வெள்ளவத்தை
30.06.2022

அன்புள்ள தம்பி,

நான் சுகம் என்று எழுதக் கை தானாகவே போகிறது. இந்த முறை அதை எழுதவில்லை.

உன் கடிதம் கிடைத்த அன்றைக்கே ஹிஸ்டரியைத் திறந்து பார்த்தேன். உனக்கு எழுத ஒரு மாதம் எடுத்தது.

மே ஆறாம் திகதி காலை ஒன்பது பன்னிரண்டுக்கு ஆதிலா எழுதியிருக்கிறாள்: 'முக்காலி சரிந்தது. நான் மூன்று முறை டீச்சரைக் கூப்பிட்டேன். டீச்சருக்குக் கேட்கவில்லை. விட்டால் நிஹ்லாவின் மடியில் கொட்டும் என்பதால் கையால் பிடித்தேன்.' மூன்று நிமிடம் கழித்து நிருஷா அதன் கீழே, 'இதை வாசிச்சா ரீச்சரை வகுப்பால எடுத்துப்போடுவினம்' என்று எழுதியிருக்கிறாள். ஆறு நிமிடம் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. பிறகு ஆதிலா தன் வரிகளைத் தானே அழித்திருக்கிறாள். அந்த இடத்தில், 'நான் டீச்சரைக் கூப்பிடவில்லை' என்று எழுதியிருக்கிறாள்.

ராகுலன், எனக்குக் காது கேட்பதில்லை.

வலது காது போய் நாலு வருடம். கொரோனாவுக்கு முந்திய வருடம் இடது காதும் தொடங்கியது. ஒருவருக்கும் சொல்லவில்லை, ஒரு டொக்டரிடமும் போகவில்லை. வாயசைவைப் பார்த்துச் சமாளித்தேன். மாஸ்க் வந்ததும் அதுவும் போயிற்று. உன் போனை எடுக்காததும், மாமா கூப்பிட்டுத் திரும்பாததும், வீடியோ வேண்டாமென்றதும் எல்லாம் இதனால்தான். பொதுப் பக்கத்தை நான் உன்னிடம் கேட்டது பிள்ளைகளுக்காக என்று எழுதினேன். எனக்காகத்தான் கேட்டேன்.

இன்னும் பின்னுக்குப் போய்ப் பார்த்தேன். ஜனவரி இருபத்தேழு, நாங்கள் தொடங்கிய முதல் கிழமை, நிஹ்லா எழுதி உடனே அழித்த ஒரு வரி: 'டீச்சருக்கு காது கேக்காது போல. வாயால கேக்காம இதுல எழுதுங்க.' மற்றக் குழுக்களின் பக்கங்களையும் திறந்தேன். அதே நாளில் ஏழு பக்கங்களில் அதே செய்தி, வெவ்வேறு சொற்களில். எல்லாம் அழிக்கப்பட்டிருந்தன. என் பிள்ளைகள் எழுதக் கற்றுக்கொண்டார்கள் என்று உனக்குப் பெருமையாக எழுதினேன் அல்லவா? அவர்கள் என்னை மறைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆதிலா வாயே திறக்காதவள் என்றும் எழுதினேன். மெல்லிய குரல் அவளுக்கு. தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

இதைவிட ஒன்று இருக்கிறது. பிள்ளை கூப்பிடவில்லை என்று அதிபரிடம் சொன்னேனே, அப்போதே எனக்குத் தெரியும், கூப்பிட்டிருப்பாள் என்று. தெரிந்துகொண்டுதான் சொன்னேன். வேலை போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் மேல் பொய்யை வைத்தேன்.

பாடசாலை திறந்ததும் அதிபரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தை நேராகப் பார்த்துக் கதைக்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் எழும்பிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"விசாரணை முடிஞ்சுது, மேனுகா. ஒருதரும் திரும்பக் கேட்கப் போறதில்லை. நீங்கள் டொக்டரைப் பாருங்கோ, மிச்சத்தை விடுங்கோ" என்றார்.

"ஆதிலாவின்ர தாய் தந்த கடிதத்தை என்னட்டைத் தாங்கோ, மிஸ். அது இருந்த இடத்தில என்ர கடிதத்தை வையுங்கோ" என்றேன். எழுதிக் கையில் கொண்டு போயிருந்தேன். வாங்கி இரண்டு தரம் வாசித்தார். கல்வித் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டி வரும் என்றார். ஓம் என்றேன். தாயின் கடிதத்தை எடுத்துத் தந்தார்.

பெட்ரோல் இல்லாமல் பாடசாலைகளை மறுபடி மூடிவிட்டார்கள். திங்கட்கிழமை ரெயிலில் கொழும்பு கோட்டை நிலையத்துக்குப் போய், அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்தேன். ஆதிலாவின் வீடு தொடர்மாடியில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது ஆதிலாதான். கையில் இன்னும் துணி சுற்றியிருந்தது. கிளினிக்குக்குப் போய் வந்திருக்கிறாள், மாஸ்க் இன்னும் முகத்தில் இருந்தது. என்னைக் கண்டதும் மற்றக் கையால் மாஸ்க்கைக் கழற்றினாள். நான் வாயசைவைப் பார்க்க வேண்டும் என்றுதான் கழற்றினாள்.

தாய் பஹ்மியா தையல் மிஷினுக்கு முன்னால் இருந்தார். உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் ஏதோ வேகமாகச் சொன்னார், எனக்குப் பிடிபடவில்லை. ஆதிலா தாயின் தோளைத் தொட்டு, "உம்மா, டீச்சர்ட முகத்த பாத்து, மெதுவா சொல்லுங்க" என்றாள்.

பஹ்மியா என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"நான் அந்தக் கடிதத்துல கையெழுத்து வெச்சேன், டீச்சர். எண்ட புள்ள சொல்லுக் கேக்காத புள்ளன்டு நெனச்சி, கை வெந்து கெடந்தவளோட ரெண்டு நாள் பேசாம இருந்தேன்."

மிஷினில் கிடந்த துணியை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, மறுபடி என் முகத்தைப் பார்த்தார்.

"காது கேக்காதது குத்தமா? எங்கட வாப்பாவுக்கும் கேக்காது. நீங்க ஒரு வார்த்த சொல்லி இருந்தா, இவள் எழும்பி வந்து ஒங்கள தொட்டுக் கூப்புட்டிருப்பாளே. நாலு அடி தூரம் தானே, டீச்சர்."

அவர் கையெழுத்து வைத்த கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். வாசிக்காமல் மடித்து, மிஷின் லாச்சியை இழுத்து அதற்குள் வைத்தார். தேத்தண்ணி தந்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை.

இப்போது உனக்கும் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கிறது. அம்மாவை நாங்கள் எப்படி வைத்திருந்தோம் என்று நினைத்துப் பார். அந்த இடத்துக்கு நான் போக மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன்.

மேனுகா


பேர்கன்
30.06.2022

அக்கா,

உங்கள் கடிதம் வந்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. வேலையிலிருந்து எழுதுகிறேன்.

அம்மா சாப்பாட்டு மேசையில் எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பா. நாங்கள் சிரித்தால் தானும் சிரிப்பா. பிறகு என்னிடம், "என்னடா சொன்னவள்?" என்று கேட்பா. நான், "ஒண்டுமில்லையம்மா" என்பேன். ஐந்து வருடம், ஒவ்வொரு நாளும், ஒண்டுமில்லையம்மா. கடைசியில் அம்மா கேட்பதையே விட்டுவிட்டா. அறைக்குள் போய் இருந்துகொண்டா. அப்போது எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. இதை இன்றுவரை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

நீங்கள் போனை வைத்தபோது எனக்குக் கோபம் வந்தது, அக்கா. அக்கா என்னை வேண்டாமென்று விட்டுவிட்டா என்று நினைத்தேன். ஜனவரியிலிருந்து உங்கள் கடிதங்களை எடுத்து மறுபடி வாசித்தேன். எல்லாம் அதற்குள் இருந்தது. நான்தான் கேட்கவில்லை.

நீங்கள் செய்தது பிழை. அதை நான் இல்லையென்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அதுவும் ஒரு 'ஒண்டுமில்லை' ஆகிவிடும். ஆனால் நீங்களாகப் போய்ச் சொன்னீர்கள்.

உடனே டொக்டரிடம் போங்கள். மாமாவிடம் நான் சொல்லட்டுமா, அல்லது நீங்கள் சொல்வீர்களா? நீங்கள் சொன்னபடி செய்கிறேன்.

உங்கள் தம்பி
ராகுலன்


வெள்ளவத்தை
16.10.2022

அன்புள்ள ராகுலன்,

நீயும் உன் வீட்டாரும் நலம்தானே? நான் ஓரளவு சுகம். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வீடியோவில் கதைப்பது எனக்குப் பெரிய பலம். ஆனாலும் இதைக் கடிதமாகத்தான் எழுதவேண்டும் என்று பட்டது.

இரண்டு காதிலும் கருவி போட்டு ஏழு கிழமை. அது இழந்ததைத் திருப்பித் தரவில்லை. காற்றாடி, கதிரை இழுபடும் சத்தம், பஸ் ஹோர்ன் எல்லாம் ஒரே அளவில் தலைக்குள் விழுகின்றன. அவற்றுக்குள்ளிருந்து மனிதக் குரலைப் பொறுக்கி எடுக்க வேண்டும். அமைதியான அறையில், ஒருவர் முன்னால் இருந்து கதைத்தால் முக்கால்வாசி பிடிபடும். மாமாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் அழுதார், பிறகு அரை மணித்தியாலம் என் காதுக்குள் கத்தினார்.

திணைக்களத்திலிருந்து முடிவு வந்துவிட்டது. பொய் சொன்னதற்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. ஆய்வுகூடத்துக்குள் நான் இனி வகுப்பு எடுக்கக் கூடாது. பரிசோதனைகளைப் பர்ஹா என்ற புதிய ஆசிரியை செய்விக்கிறார். பாடத்தை மட்டும் நான் நடத்தலாம். அடுத்த வருடம் அதுவும் இருக்குமோ தெரியாது. நியாயமான தண்டனை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அவர்கள் வரிசையாக ஆய்வுகூடத்துக்குப் போகும்போது நான் ஆசிரியர் அறைக்குள் போய்விடுவேன்.

திரும்பிப் போன முதல் நாள் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேருக்கும் முன்னால் நின்று, எனக்குக் காது கேட்காது என்பதையும் ஆதிலாவைப் பற்றி நான் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். நிருஷா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பொதுப் பக்கம் இனியும் இருக்கும், ஆனால் என்னைக் காப்பாற்ற அல்ல, படிக்க என்றும் சொன்னேன். இப்போது எழுதியதை எழுந்து நின்று வாயால் சொல்கிறார்கள். எனக்குப் பிடிபடாவிட்டால் கையைக் காட்டுவேன், திருப்பிச் சொல்வார்கள். ஒரு பாடத்தில் முந்தி முடித்ததில் பாதிதான் முடிகிறது. சில தாய் தகப்பன்மாருக்கு அதில் குறை. இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளை வேறு வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆதிலா மாறவில்லை. பஹ்மியா என் வகுப்பிலேயே விட்டிருக்கிறார். கையில் தோல் ஒட்டியிருக்கிறது, ஆனால் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்குவதில்லை, அவற்றில் உணர்ச்சியும் இல்லை. பேனையை மூன்று விரலால் பிடிக்கிறாள். ஓகஸ்ட் முழுக்க என்னோடு ஒரு சொல் பேசவில்லை. பக்கத்திலும் எழுதவில்லை. செப்டெம்பரும் அப்படியே. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு உரிமை இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நரம்புத் தொகுதி படிப்பித்தேன். கடைசிப் பத்து நிமிடம், எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆதிலா எழும்பினாள். ரப்லெட்டை வைத்துவிட்டு முன்னுக்கு வந்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும் இடமாகப் பார்த்து நின்று, ஏதோ கேட்டாள். மெல்லிய குரல். எனக்குப் பிடிபடவில்லை. கையைக் காட்டினேன். அவள் மூச்சை இழுத்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"டீச்சர், செத்துப்போன நரம்பு திரும்ப வளருமா?"

வகுப்பு முழுக்க எழுதுவதை நிறுத்திவிட்டது. தன் விரல்களைப் பற்றிக் கேட்கிறாளா, என் காதைப் பற்றிக் கேட்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் விடை சொன்னேன்.

"கையில உள்ளது வளரும், ஆதிலா. ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர். சில நேரம் முழுக்க வராது. காதுக்குள்ள செத்தது வளராது."

அவள் தன் இடத்துக்குப் போய், அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

அன்புடன்
அக்கா மேனுகா